காலிக் குழாயும் வெளியே குவிந்த பொடியும்: ரூபியோன் பாறை, ஒரு நிகழ்வு ஆய்வு

2021 ஆகஸ்ட் 7, சனிக்கிழமை சாயங்காலம். ஊரே டிவி முன்னால் உட்கார்ந்து நீரஜ் சோப்ரா ஈட்டி எறிவதைப் பார்த்துக்கொண்டிருந்தது. நானும் பார்த்தேன். ஆனாலும் காலையில் போனில் திறந்த ஒரு படத்தை மூட மனசு வரவில்லை. தட்டையான ஒரு பாறை, அதில் ஒரு துளை, துளையின் வாயைச் சுற்றிப் பொடி. மழை விட்ட மறுநாள் எறும்பு வளை தோண்டி மண்ணை வட்டமாக வெளியே தள்ளி வைத்திருக்குமே, அந்த மாதிரி.

அந்தத் துளை செவ்வாய் கிரகத்தில் ஜெசெரோ என்கிற 45 கிலோமீட்டர் அகலப் பள்ளத்தின் தரையில் இருக்கிறது. போட்டது நாசாவின் பெர்சிவியரன்ஸ் ரோவர். துளை போட்டாயிற்று, கல் மாதிரியை அடைக்கும் குழாயை வயிற்றுக்குள் கொண்டுபோயாயிற்று, மூடி முத்திரையும் வைத்தாயிற்று. சொன்ன வேலை அத்தனையும் வரிசையாக நடந்திருந்தது. குழாயின் உள்ளளவு எடுத்த விவரத்தைப் பார்த்தால் மட்டும், உள்ளே கல் இல்லை.

இந்த ஒரு சம்பவத்தைத்தான் இங்கே முழுசாக எழுதுகிறேன். அந்த ரோவர் இதைவிடப் பெரிய காரியங்கள் எவ்வளவோ செய்திருக்கிறது. ஆனால் ஒரு பாறையை எப்படிப் படிக்க வேண்டும் என்று கேட்டால், நான் இந்தக் காலிக் குழாயைத்தான் எடுத்துக் காட்டுவேன். இதில் எனக்குப் புரிந்ததில் பாதி, நாசா வெளியிட்ட படங்களும் விவரங்களும் தந்தது. மீதியைத் தந்தவர் முப்பது வருஷம் போர்வெல் வண்டியில் டிரில்லராக இருந்த என் பெரியப்பா.

பொடியைப் படிக்கிறவர்

எங்கள் ஊர் ராதாபுரம் தாலுகாவில் இருக்கிறது. மேற்கே பார்த்தால் மகேந்திரகிரி. இஸ்ரோவின் திரவ எரிபொருள் என்ஜின்களைச் சோதித்துப் பார்க்கும் வளாகம் அதன் அடிவாரத்தில்தான். கிழக்கே போனால் திசையன்விளை தாண்டித் தேரிக்காடு. மணலின் ஒவ்வொரு பொடியிலும் இரும்பு ஆக்சைடு பூசியிருப்பதால் அந்தச் சிவப்பு. செவ்வாயின் சிவப்புக்கும் காரணம் இரும்புதான். நான் அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. ஒவ்வொரு வருஷமும் ஒரு பாட்டிலில் தேரி மண்ணை அள்ளிக்கொண்டு வந்து மேசைமேல் வைத்துத்தான் செவ்வாயைப் பற்றிப் பேச ஆரம்பிப்பேன்.

பெரியப்பாவுக்கு மண்ணைவிடப் பொடிதான் முக்கியம். போர் போடும்போது கல் முழுசாக மேலே வராது. ஹேமர் இடித்து இடித்து, நுனியில் இருக்கும் பிட் சுற்றிச் சுற்றி, கல்லை மாவாக்கும். கம்ப்ரசர் காற்று அந்த மாவை மேலே ஊதித் தள்ளும். அந்தப் புகை மண்டலத்துக்குள் கையை நீட்டி ஒரு பிடி பிடித்துப் பார்ப்பார்கள். வெள்ளையா, கறுப்பா, காவியா, நறநறவென்று இருக்கிறதா, விரலில் ஒட்டுகிறதா. இருநூறு அடிக்குக் கீழே கண்ணால் பார்க்க முடியாத பாறையைப் பற்றிய முடிவெல்லாம் உள்ளங்கையில்தான்.

2016இல் வடகிழக்குப் பருவமழை அடியோடு பொய்த்தது. அதற்கு அடுத்த கோடையில் எங்கள் வீட்டுக் கிணறு வற்றிப்போய், போர் போட வேண்டி வந்தது. திருச்செங்கோட்டு வண்டி வந்து நின்றது. பெரியப்பா ஒரு பழைய சிமெண்ட் சாக்கைத் தரையில் விரித்துவிட்டு என்னிடம், "ஏட்டி, ஒவ்வொரு ராடு எறங்கி முடியவும் ஒரு பிடி பொடி எடுத்து வரிசையா வையி" என்றார். ராத்திரி பூராவும் வைத்தேன். விடிந்து பார்த்தால் சாக்கின் மேல் சின்னச் சின்னக் குவியலாக எங்கள் வீட்டின் அடித்தரை முழுக்க வரிசை கட்டி நின்றது. முதலில் வெளிறிப்போன சுண்ணாம்புச் சுக்கான், அப்புறம் கொஞ்சம் காவி, அதற்கப்புறம் கருங்கல்லின் சாம்பல் நிறம் பத்துப் பதினைந்து குவியல். கடைசியில் ஒரு குவியல் மட்டும் ஈரமாகக் கட்டிப்பட்டு, நடுவில் வெங்கச்சங்கல் சில்லுகளோடு இருந்தது. அந்தச் சில்லைப் பார்த்ததும் பெரியப்பா பீடியைக் கீழே போட்டுவிட்டு எழுந்தார். "வெடிப்பு வந்துட்டு. இனி தண்ணி." வந்தது.

அந்தப் போரில் ஒரு தப்பும் நடந்தது, அதையும் சொல்லவேண்டும். சுக்கான் பாறையின் மேல்தோடு கடப்பாரை துள்ளுகிற அளவுக்குக் கெட்டி. ஒரு சாண் கீழே போனால் கையால் அள்ளலாம். மேலே கெட்டியாக இருக்கிறதே என்று நம்பி, போர் போட்டவர்கள், குழியின் சுவர் சரியாமல் தாங்கும் கேசிங் பைப்பைப் பாதியோடு நிறுத்திவிட்டார்கள். பெரியப்பா சொல்லியும் கேட்கவில்லை. இரண்டாவது மழைக்காலத்தில் கேசிங்குக்குக் கீழே இருந்த உதிரி சரிந்து மோட்டார் மேல் விழுந்தது. மோட்டாரை வெளியே எடுக்கப் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. ரூபியோன் செய்தி வந்தபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அந்தச் சுக்கான் தோடுதான்.

ஜெசெரோவில் என்ன செய்தார்கள்

பெர்சிவியரன்ஸ் இறங்கியது நம் நேரப்படி 2021 பிப்ரவரி 19 அதிகாலை 2.25க்கு. பெரியப்பாவுக்கு வயசாகித் தூக்கம் குறைந்துவிட்டது, என்னோடு முழித்திருந்தார். எல்லோரும் கைதட்டி முடித்ததும் அவர் கேட்டது ஒன்றுதான்: "அங்கன கல்லு எப்படி?"

விஞ்ஞானிகளுக்கும் அப்போது அதே கேள்விதான் இருந்தது. ஜெசெரோவில் முன்னூற்றைம்பது கோடி வருஷத்துக்கும் முன்னால் ஓர் ஏரி இருந்தது. மேற்கே ஓர் ஆறு வந்து விழுந்து கழிமுகமும் அமைத்திருக்கிறது. ஆனால் ரோவர் நின்ற பள்ளத்தின் தரை, ஏரியில் படிந்த சேறு இறுகிய பாறையா, எரிமலைக் குழம்பு ஆறிய பாறையா என்று தீர்மானமாகச் சொல்ல யாராலும் முடியவில்லை. தரை முழுக்கத் தட்டைத் தட்டையான கற்கள், முற்றத்தில் கல் பாவினாற்போல. அப்படி ஒரு கல்லைத்தான் முதல் கோர், அதாவது உருளையான கல் மாதிரி, எடுக்கத் தேர்ந்தெடுத்தார்கள். அதன் பெயர் ரூபியோன். ரோவர் போகும் நிலத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் பூமியில் உள்ள ஒரு தேசியப் பூங்காவின் பெயரைச் சூட்டி, அந்த வட்டாரத்துப் பெயர்களையே கற்களுக்கு வைப்பது வழக்கம். அந்தக் கட்டம் பிரான்ஸின் மெர்காந்தூர் பூங்கா. அதனால்தான் இந்தக் கதையில் ஜெசெரோவின் தரையில் வரும் கற்களுக்கெல்லாம் பிரெஞ்சுப் பெயர்.

ரோவரின் கை 2.1 மீட்டர் நீளம். நுனியில் 45 கிலோ எடையுள்ள கருவித்தொகுதி, அதில் துளைக்கருவி. நம் ஊர் ஹேமர் போலவே இதுவும் சுற்றிக்கொண்டே இடிக்கும். வித்தியாசம் பிட்டில்தான். இந்தப் பிட் உள்ளே கூடானது. ஓரத்தை மட்டும் வட்டமாக அரைத்துக்கொண்டு இறங்கும், நடுவில் ஒரு கல்தூண் மிச்சமாக நிற்கும். அதுதான் கோர். பள்ளிக்கூடத்துச் சாக்பீஸ் அளவுதான் இருக்கும், குறுக்களவு 13 மில்லிமீட்டர். பிட்டுக்குள் ஏற்கெனவே செருகியிருக்கும் குழாய்க்குள் அது ஏறும். ஆழம் போதும் என்றானதும் குழாயைக் கொஞ்சம் மையம் விலக்கினால் கோரின் அடி முறியும். பிறகு பிட்டும் குழாயுமாக ரோவரின் வயிற்றுக்குள் போகும். அங்கே ஒரு சின்னக் கை குழாயை வாங்கி, ஒரு கோலை உள்ளே விட்டு எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று அளந்து, மூடி போட்டு முத்திரை வைக்கும். இப்படி மொத்தம் 43 குழாய்கள் ரோவரோடு போயிருந்தன.

துளை போடுவதற்கு முன்னால் அதே கல்லில் ஐந்து சென்டிமீட்டர் அகலத்துக்கு மேற்பரப்பைத் தேய்த்து, நைட்ரஜன் வாயுவால் தூசியை ஊதிவிட்டு, உள்நிறம் பார்த்தார்கள். அந்தத் தேய்ப்புக்குக் கியோம் என்று பெயர். அதில் உப்புகள் தெரிந்தன. அதற்குப் பிறகு பிட் இறங்கியது, கேட்டபடி ஏழு சென்டிமீட்டர் ஆழம் போனது. கோல் உள்ளே போனது. நடுவில் கல் இருந்தால் முட்டி நிற்கவேண்டிய இடத்தில் எதுவும் முட்டவில்லை.

அன்றைக்குச் செவ்வாய்க்கும் பூமிக்கும் நடுவே சேதி ஒரு பக்கம் போகவே சுமார் 21 நிமிடம். ஏதோ தப்பு என்று தெரிந்த கணத்தில் கையை நிறுத்துகிற வேலை இதில் நடக்காது. மொத்தமும் நடந்து முடிந்தபிறகு, வந்து சேர்ந்த எண்களையும் படங்களையும் வைத்துத்தான் துப்புத் துலக்கவேண்டும்.

எங்கே போயிருக்கும்?

கோர் போகக்கூடிய இடங்கள் கொஞ்சம்தான். துளைக்குள்ளேயே முறியாமல் நிற்கலாம். முறிந்து, பிட்டைத் தூக்கும்போது நழுவித் துளைக்குள் திரும்ப விழுந்திருக்கலாம். பாறையிலிருந்து வயிற்றுக்குப் போகிற வழியில் கீழே விழுந்திருக்கலாம். அளந்த கோல் தப்பாகச் சொல்லியிருக்கலாம். இல்லை, கோர் என்று ஒன்று உருவாகவே இல்லை என்றும் இருக்கலாம்.

ரோவர் குழு இவற்றில் எதையும் யோசித்து மட்டும் ஒதுக்கவில்லை, ஒவ்வொன்றையும் படமெடுத்துப் பார்த்தது. கையின் நுனியில் இருக்கும் வாட்சன் கேமராவைத் துளைக்கு நேரே கொண்டுபோய் உள்ளே எட்டிப்பார்த்தார்கள். கோர் நிற்கவில்லை. சுற்றிலும் தரையைத் துழாவினார்கள், உடைந்த துண்டுகூடக் கிடக்கவில்லை. துளையிட்டபோது பதிவான எண்களையும் திரும்பப் பார்த்தார்கள், கருவி செய்யவேண்டியதைச் செய்துதான் இருந்தது.

நெருக்கப் படம் வந்த அன்று போனை எடுத்துக்கொண்டு பெரியப்பா வீட்டுக்குப் போனேன். திண்ணையில் இருந்தார்.

"என்ன ஆழம்ட்டி?"

"ஏழு சென்டிமீட்டர், பெரியப்பா."

"மூணு இஞ்சிகூட இல்ல. சரி, அந்தப் பொடியப் பெருசாக்கிக் காட்டு."

விரலால் விரித்துக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"இதுல சில்லு ஒண்ணும் காணலையே. பூராவும் மாவுல்லா. நல்ல கல்லா இருந்தா ஓரத்துல பொக்கு பொக்குன்னு நாலு சில்லாவது தெறிச்சிருக்கும். துளை வாயப் பாரு, ஓரம் நறுக்குன்னு நிக்கல. இது மேல தோடு கட்டுன கல்லு, உள்ள சொத்தை. நடுக்கல்லும் சேந்து மாவாயிருக்கும்."

அவர் சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ள என் மனசு ஒப்பவில்லை, கணக்குப் போட்டுப் பார்த்தேன். துளையின் அகலம் 2.7 சென்டிமீட்டர், கோரின் அகலம் 1.3. இரண்டையும் வர்க்கப்படுத்தி வகுத்தால், துளைக்குள் இருந்த கல்லில் கோருக்குரியது கிட்டத்தட்டக் கால்வாசி. மீதி முக்கால்வாசி எந்தக் கல்லானாலும் பொடியாகத்தான் வெளியே வரும். அந்தக் கால்வாசியும் சேர்ந்து வந்தால் குவியல் கூடும்தான், ஆனால் கண்ணால் பார்த்து இது கூட என்று சொல்லிவிட முடியாது. ஆக, குவியலின் அளவை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. பெரியப்பா அளவைச் சொல்லவும் இல்லை. பொடி எப்படி இருக்கிறது என்பதைச் சொன்னார். சில்லு இல்லை, ஓரம் நிற்கவில்லை. அது வேறு வகைச் சான்று, எனக்கு அது அப்புறம்தான் உறைத்தது.

ஆகஸ்ட் 11 அன்று, மாதிரி எடுத்துச் சேமிக்கும் பிரிவின் தலைமைப் பொறியாளர் லூயிஸ் ஜாண்டுரா பேரில் விளக்கம் வந்தது. கருவியில் பழுது இல்லை, பாறைதான் ஒத்துவரவில்லை. துளையிடும்போதே கல் பொடியாகவும் சிறு துகளாகவும் உதிர்ந்துவிட்டது. குழாய்க்குள் நிற்குமளவு நீளத்தில் ஒரு துண்டும் மிஞ்சவில்லை. பொடி துளையின் அடியிலோ, வெளியே குவிந்ததிலோ, இரண்டிலுமோ இருக்கவேண்டும். பூமியில் விதவிதமான கற்களில் நூற்றுக்கு மேல் கோர் எடுத்துப் பழகிவிட்டுத்தான் போயிருந்தார்கள். அதில் ஒரு கல்கூட இப்படி நடந்துகொண்டதில்லை.

பூமியில் இது புதுசில்லை

கோர் எடுக்கிறவர்களுக்குக் கோர் வராமல் போவது தெரியாத சங்கதி இல்லை. பெரியப்பா போர்வெல் வண்டிக்குப் போவதற்கு முன்னால், சின்ன வயசில், தாழையூத்துப் பக்கம் சுண்ணாம்புக்கல் தேடிக் கோர் எடுத்த ஒரு வேலையில் எடுபிடியாக இருந்தார். மரப்பெட்டியில் தடுப்புத் தடுப்பாக இருக்கும், எடுத்த கோரை ஆழ வரிசைப்படி அதில் படுக்கவைப்பார்கள். நல்ல கல் வந்த இடத்தில் மொழுமொழுவென்று நீளத் துண்டு. சொத்தைக் கல் வந்த இடத்தில் பெட்டி காலி. அந்தக் காலி இடத்தில் ஒரு மரக்கட்டையை வைத்து, இத்தனை அடியிலிருந்து இத்தனை அடிவரை கோர் இல்லை என்று எழுதவேண்டும். அந்தக் கட்டையை வைக்க ஒருமுறை மறந்து, மேலே உள்ள கல்லையும் கீழே உள்ள கல்லையும் ஒட்டிப் படுக்கவைத்துவிட்டதற்கு மேஸ்திரி கன்னத்தில் அறைந்தாராம். எழுபது வயசிலும் அதைச் சொல்லும்போது கன்னத்தைத் தடவிக்கொள்கிறார். இல்லாத கல்லுக்கும் இடம் விடவேண்டும் என்பது அவருக்கு அன்றைக்குப் பதிந்தது.

பொறியாளர்கள் இதற்கு ஒரு கணக்கே வைத்திருக்கிறார்கள். எடுத்த கோரில் 10 சென்டிமீட்டருக்கு மேல் நீளமான துண்டுகளை மட்டும் கூட்டி, துளைத்த நீளத்தில் அது எத்தனை சதவீதம் என்று பார்ப்பார்கள். 1960களில் அமெரிக்கப் பேராசிரியர் டான் டீர் கொண்டுவந்த முறை. அணைக்கட்டும் சுரங்கமும் இன்றைக்கும் அதைப் பார்த்துத்தான் கட்டுகிறார்கள். கல் எவ்வளவு வந்தது என்பதைப் போலவே எவ்வளவு வரவில்லை என்பதும் அங்கே ஓர் அளவு. ரோவர் எடுக்கும் கோர் மொத்தமே ஆறு சென்டிமீட்டர்தான், அந்தக் கணக்குக்குள்கூட வராது. அவ்வளவு சின்னத் துண்டு நிற்க வேண்டுமென்றால் கல்லின் மணிகள் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்திருக்கவேண்டும்.

ரூபியோனில் அந்தப் பிடி ஏன் விட்டது? பள்ளத்தின் தரை எரிமலைக் குழம்பிலிருந்து பிறந்த பாறை என்பது பிற்பாடு தெளிவானது. அந்தப் பாறைக்குள் பிறகு தண்ணீர் நுழைந்திருக்கிறது. கியோம் தேய்ப்பில் சல்பேட் உப்புகளும் சோடியம் பெர்குளோரேட்டும் கிடைத்தன. தண்ணீர் நுழைந்து, கனிமங்களைக் கரைத்து மாற்றி, போகும்போது உப்பை விட்டுவிட்டுப் போன தடம் அது. தண்ணீர் பட்டு மாறிய பாறை உள்ளூர நெகிழும். நம் ஊர்க் கருங்கல்லும் அப்படித்தான். கிணறு வெட்டும்போது மேலே இருபது முப்பது அடிக்குப் பிக்காஸாலேயே பேர்க்கமுடிகிற பதத்தில் இருப்பதும், கீழே வெடி வைத்தாலும் அசையாததும் ஒரே கல்தான். மேலே தண்ணீர் வேலை செய்திருக்கிறது. ரூபியோன் சுண்ணாம்புச் சுக்கான் இல்லை, பிறப்பு வேறு. தோடு கெட்டி, உள்ளே உதிரி என்கிற ஒற்றுமை மட்டும்தான். ஆக, கல்லை நிற்கவிடாமல் செய்த தண்ணீரைத் தேடித்தான் ரோவர் அங்கே போனதே.

இன்னொன்றும் தோன்றுகிறது. 2012இல் கேல் பள்ளத்தில் இறங்கிய கியூரியாசிட்டி ரோவருக்கு இந்தக் கல் கிடைத்திருந்தால் பிரச்சினையே இல்லை. அதன் துளைக்கருவி கல்லைப் பொடியாக்கி அந்தப் பொடியைத்தான் எடுத்துக்கொள்ளும். 2013 பிப்ரவரியில் ஜான் க்ளைன் என்ற சேற்றுப்பாறையில் அது போட்ட முதல் துளையிலிருந்து வந்த பொடி சாம்பல் நிறம். மேலே சிவப்பு, உள்ளே சாம்பல். அந்தப் பொடியை அங்கேயே சுட்டு ஆராய்ந்து, ஒரு காலத்தில் நுண்ணுயிர் வாழத் தகுந்த தண்ணீர் அங்கே இருந்தது என்று சொன்னார்கள். பெர்சிவியரன்ஸின் வேலை வேறு. என்றைக்காவது பூமிக்குக் கொண்டுவந்து ஆராய, கல்லைக் குலையாமல் எடுத்துவைக்கவேண்டும். ஒரு ரோவருக்கு வாகான கல் இன்னொன்றுக்கு ஆகாது. வேலைக்குத் தக்க கல்லைப் பார்த்து எடுக்கவேண்டும்.

காற்று தின்ன முடியாத கல்

"பக்கத்துலேயே இன்னொண்ணு போடச் சொல்லு, ரெண்டடி தள்ளி" என்று பெரியப்பா சொன்னார். போர்வெல்லில் அது சரி. ஆனால் ரோவர் குழு அப்படிச் செய்யவில்லை, அவர்கள் செய்ததுதான் சரி என்று இப்போது நினைக்கிறேன். அதே மாதிரிக் கல்லில் இன்னொரு குழாயைச் செலவழிப்பதைவிட, நிற்கிற கல்லைத் தேடிப் போனார்கள். சித்தாதெல் என்று பெயர் வைத்த ஒரு மேடு. அதன் உச்சிக் கற்கள் காற்றின் அரிப்புக்கு ஈடுகொடுத்து நின்றன. சுற்றியுள்ளதையெல்லாம் காற்று அரித்துக்கொண்டு போன பிறகும் ஒரு கல் மேட்டில் நிற்கிறது என்றால் அதற்குள் பிடி இருக்கிறது என்று அர்த்தம்.

இதை ராதாபுரத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக ஆனி ஆடியில் வருகிற காற்று எங்கள் ஊரில் எதை விட்டுவைக்கிறது, எதை எடுத்துக்கொண்டு போகிறது என்று காவல்கிணற்றுக் காற்றாலைகளுக்கு நடுவே நின்று பார்த்தாலே தெரியும். சமவெளியில் தனியாக நிற்கும் மொட்டைப் பாறைகளும், சுற்றியிருந்த இளகிய கல் அரித்துப் போனபிறகு மிஞ்சியவைதான்.

அந்த மேட்டில் ஒரு பெட்டி அளவுக் கல். பெயர் ரோஷெட். முதலில் தேய்த்துப் பார்த்தார்கள், நன்றாக நின்றது. செப்டம்பர் 1 அன்று துளை போட்டார்கள். தமிழ்நாட்டில் ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை பள்ளிக்கூடம் திரும்பத் திறந்ததும் அன்றைக்குத்தான். மாஸ்க் போட்ட முகங்களுக்கு முன்னால் ரொம்ப நாள் கழித்து நின்று பாடம் எடுத்தேன், மனசில் பாதி ரோஷெட்டில் இருந்தது.

இந்த முறை வேலையின் வரிசையில் ஒரு நிறுத்தம் சேர்த்திருந்தார்கள். குழாயை உடனே வயிற்றுக்குள் கொண்டுபோய் மூடாமல், முதலில் வெளியேயே படம் எடுத்து, பூமி பார்த்துச் சொல்லும்வரை காத்திருப்பது. படத்தில் கோர் தெரிந்தது. பிறகு குழாயின் வாயில் ஒட்டியதை உதறவும் கோர் நன்றாக உள்ளே இறங்கவும் பிட்டை ஒரு விநாடி வீதம் ஐந்து முறை அதிரவிட்டார்கள். அதற்கப்புறம் எடுத்த படத்தில் குழாய்க்குள் இருட்டு. கோர் இருக்கிறதா இல்லையா, சொல்லமுடியவில்லை. வெயில் விழுந்த கோணம் சரியில்லை.

போர்வெல்லுக்குள் பார்க்க எங்கள் ஊரில் முகம் பார்க்கும் கண்ணாடியைத்தான் எடுப்பார்கள். வெயிலைக் கண்ணாடியில் வாங்கிக் குழிக்குள் திருப்பினால் எவ்வளவோ அடி கீழே வரைக்கும் வெளிச்சம் இறங்கும், தண்ணீர் இருந்தால் மினுங்கும். உச்சிப்பொழுதில் கண்ணாடியைப் பிடிப்பது சிரமம், சாய்ந்த வெயிலில் சுலபம். வெயில் ஒத்துவராவிட்டால் பெரியப்பா உட்கார்ந்து காத்திருப்பார், தோராயமாக ஒன்றைச் சொல்லிவிட மாட்டார். ரோவர் குழுவும் காத்திருந்தது. சில நாள் கழித்து, நல்ல வெயில் விழும் நேரம் பார்த்து மறுபடி படம் எடுத்தார்கள். குழாய்க்குள் கோர் பத்திரமாக இருந்தது. செப்டம்பர் 6 அன்று மூடி போட்டார்கள். மோன்தெனியே என்று பெயர். இரண்டு நாளில் அதே கல்லில் இன்னொரு கோரும் எடுத்தார்கள்.

பிற்பாடு வந்த இன்னொரு தடங்கலையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2021 டிசம்பர் 29 அன்று இஸோல் என்ற கல்லில் எடுத்த கோர், பிட்டை வயிற்றுக்குள் வைக்கும்போது தடங்கியது. கோரிலிருந்து உதிர்ந்த சின்னக் கற்கள் பிட் உட்காரும் சக்கரத்தில் விழுந்திருந்தன. குழாயில் மிச்சமிருந்ததைத் தரையில் கொட்டி, சக்கரத்தை மெல்ல மெல்லச் சுற்றிக் கற்களை விழவைத்து, ஜனவரி கடைசி நாளில் அதே இஸோலில் மறுபடி எடுத்தார்கள். ஒரு மாசம் பொறுமை. பெரியப்பாவின் அனுபவத்தில் குழிக்குள் கல் விழுந்து ஹேமர் மாட்டிக்கொண்ட கதைகள் இரண்டு உண்டு. ஒன்றில் ஹேமர் வந்தது, ஒன்றில் இன்னும் உள்ளேதான்.

ரூபியோன் குழாய் இப்போது எங்கே

அதை வீணாகப் போனது என்று கழித்துவிடவில்லை. மூடி முத்திரை வைத்தாயிற்று இல்லையா? அதற்குள் இருப்பது அந்த நாளின் செவ்வாய்க் காற்று. அதை வாயு மாதிரி என்று கணக்கில் சேர்த்தார்கள். 2022 டிசம்பர் 21 முதல் 2023 ஜனவரி கடைசி வரை, த்ரீ ஃபோர்க்ஸ் என்று பெயரிட்ட சமதரையில், ரோவர் பத்துக் குழாய்களை ஒவ்வொன்றாக, வளைந்து வளைந்து போய், ஒன்றுக்கொன்று பல மீட்டர் தள்ளித் தரையில் போட்டது. ரோவருக்கே ஏதாவது ஆகிவிட்டாலும் அந்தப் பத்தும் எடுத்துக்கொள்ளத் தோதாக அங்கே கிடக்கும் என்பது ஏற்பாடு. முதலில் விழுந்த குழாய் இஸோலில் எடுத்தது. மோன்தெனியேயும் அதில் உண்டு, ரூபியோனும் உண்டு.

ரோவர் அதற்கப்புறம் ரொம்ப தூரம் போய்விட்டது. 2024 ஜூலையில், பழைய ஆற்றுப் பள்ளத்தாக்கு ஒன்றில் புள்ளி புள்ளியாக, சிறுத்தைத் தோல் மாதிரி இருந்த செயாவா ஃபால்ஸ் என்ற கல்லில் கோர் எடுத்தது. அந்தப் புள்ளிகளில் இரும்பு பாஸ்பேட்டும் இரும்பு சல்ஃபைடும் இருக்கின்றன. ஒரு காலத்து உயிரின் தடமாக இருக்கலாம் என்று 2025 செப்டம்பரில் நேச்சர் இதழில் கட்டுரை வந்தது. உறுதியாகச் சொல்ல வேண்டுமென்றால் அந்தக் கல் பூமிக்கு வரவேண்டும்.

செயாவா ஃபால்ஸ் படத்தைக் காட்டத்தான் போனமுறை பெரியப்பாவிடம் போனேன். பார்த்தார், நல்லா இருக்கு என்றார். பிறகு அந்தப் பழைய குழாயைக் கேட்டார்.

"அந்தக் காலிக் குழாய என்ன செஞ்சாங்க?"

"மத்ததோட சேத்து வரிசையில வச்சிருக்காங்க, பெரியப்பா."

"கல்லு இல்லன்னு எழுதியிருக்காங்களா?"

"காத்துன்னு எழுதியிருக்காங்க. எந்தக் கல்லுல போட்டது, என்னைக்குப் போட்டது, எல்லாம் இருக்கு."

கன்னத்தைத் தடவிக்கொண்டே, "அப்போ கட்டை வச்சிருக்காங்க" என்றார்.